மாமா சித்தியானபோது: பெங்களூர்த் தமிழ் வீடு ஒன்றில் பிள்ளைகளுக்குச் சொன்ன விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குடும்பம் ஒரே வீடு கிடையாது. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் திரும்பத் திரும்ப நேர்பவற்றை ஒரு வீட்டின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறது. வயது, நாள் கணக்கு, பேச்சு எல்லாம் அந்தக் கலவைக்கு உரியவை.

நிலவரம்

அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் வாடகை வீடு. அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற ஆயா, நான்காம் வகுப்புப் பையன் (9 வயது), யூகேஜி படிக்கும் பெண் (5 வயது). பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அம்மாவுக்கு உடன்பிறப்பு ஒருவர்தான். பிள்ளைகளுக்கு அவர் 'மாமா'. மூன்று வருடத்துக்கு முன் சென்னைக்கு வேலைக்குப் போனவர் அங்கே திருநங்கையாக வாழத் தொடங்கினார். வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும் தெரியும். பையனுக்கு மாமாவோடு ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டிய ஞாபகம் இருக்கிறது. பெண்ணுக்கு அப்போது 2 வயது. அவளுக்கு மாமா என்பது சுவரில் இருக்கும் ஒரு போட்டோ.

பெண்ணுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. 22 நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து போன்: "நான் வர்றேன்க்கா. ஆனா மாமாவா வரமாட்டேன்."

கிளம்புவதற்கு முந்தைய இரவோ, காரில் போகும்போதோ சொல்லிவிடலாம் என்றுதான் பெற்றோர் முதலில் நினைத்தார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த நினைப்புதான் வரும்; பெரும்பாலும் இதுதான் கெடுக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் கேள்வியை உடனே கேட்பதில்லை. மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது ஒன்று, ஒரு வாரம் கழித்துத் தூங்கப் போகும்போது ஒன்று என்று கேட்பார்கள். அந்த இடைவெளிக்கு நாள் வேண்டும். குறைந்தது இரண்டு வாரம்.

ஒரு வாரம் பெரியவர்களுக்கே

பிள்ளைகளிடம் போவதற்கு முன் ஏழு நாள் பெரியவர்களிடமே கழிந்தது. அவர்களை இழுத்தடித்தது கொள்கை எதுவும் இல்லை, உறவுமுறைதான். 'அங்கிள்' போய் 'ஆன்ட்டி' வந்தால் ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறும், அவ்வளவே. தமிழில் மாமா என்பது சீர் செய்யும் கடமை, மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் உரிமை, பெண் எடுக்கவும் கொடுக்கவும் உள்ள முறை. சித்தி என்றால் அம்மாவுக்கு அடுத்த இடம். ஒரு சொல்லை மாற்றினால் பின்னாலேயே இத்தனையும் ஆடும். பிள்ளைகளுக்கு விளக்கத் தயங்கும் பெரியவர்கள் பலர் உண்மையில் இந்த ஆட்டத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஆயா சொன்னது: "அத்தைன்னு கூப்பிடட்டும்." மாமாவுக்குப் பெண்பால் அத்தைதானே என்ற கணக்கு. ஆனால் அத்தை என்றால் மாமாவின் மனைவி, இல்லையென்றால் அப்பாவின் அக்கா தங்கை. "மாமா எங்கே, அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஐந்து வயது கேட்கும். அம்மா சொன்னது: பேர் சொல்லிக் கூப்பிடட்டும். தமிழ் வீட்டில் குழந்தை ஒரு பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவருக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று குழந்தைக்கே புரியும். அப்பா சொன்னது: ஆன்ட்டி. பால் பாக்கெட் கடைக்காரம்மாவும் ஆன்ட்டிதான், எதிர்வீட்டுக்காரம்மாவும் ஆன்ட்டிதான். உறவே கழன்று போகும்.

ஆறாம் நாள்தான் சம்பந்தப்பட்டவரையே கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. ஒரே போன். "சித்தி."

அடுத்தது வினை முடிவு. தமிழ் இங்கே கைகொடுக்கும் மொழி. 'நான் வந்தேன்', 'நீ வந்தே', 'நீங்க வந்தீங்க' எதிலும் ஆண் பெண் கிடையாது. நேரில் பேசும் பிள்ளைக்கு எந்தச் சிக்கலும் இல்லை. (இந்தியில் 'நான் போனேன்' என்பதற்கே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.) அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'மாமா வந்தாரு' என்பது 'சித்தி வந்தாங்க' ஆக வேண்டும். 'வந்தாங்க' பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ஆயாவுக்கும் டீச்சருக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். பெரியவர்கள் ஒரு வாரம் தங்களுக்குள் இதைப் பழகினால் போதும், பிள்ளைகள் காதில் விழுந்தே பாதி பிடித்துக்கொள்வார்கள்.

பழக முடியாமல் போனது 'டா'. சித்திக்கு அக்காவான அம்மா 27 வருடமாக "என்னடா", "சாப்பிட்டியாடா" என்றே பேசியவர். சித்தி என்று அழகாகச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "சொல்லுடா" என்பார். பையன் அதைப் பிடித்தான். 'டி' போட அக்காவுக்கு வாய் வரவில்லை. கடைசியில் இருவரும் பேசி 'ம்மா' என்று வைத்துக்கொண்டார்கள்: "சொல்லும்மா."

மூன்றாவது, போட்டோ. அப்பா அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். நல்லெண்ணம்தான். அன்று மாலை பெண் கேட்டது: "மாமா செத்துட்டாரா?" எதிர்வீட்டில் தாத்தா இறந்து மாலை போட்ட படம் வந்ததை இரண்டு மாதத்துக்கு முன்தான் பார்த்திருந்தாள். படம் இடம் மாறினால் ஆள் போய்விட்டார் என்பது அவள் கண்டு அறிந்த பாடம். போட்டோவை வைப்பதா எடுப்பதா என்பதும் படத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது. 'இருக்கட்டும், பக்கத்துல இப்ப எடுத்த ஒண்ணையும் மாட்டுங்க' என்று சித்தி சொன்னார். வேறு சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். அப்போது பிள்ளைகள் முன்னாலேயே, காரணம் சொல்லி எடுக்க வேண்டும்.

பையன்: எட்டாம் நாள்

பெரிய பிள்ளைக்குத் தனியாக, முதலில். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் சின்னது கேட்கும் கேள்விக்குப் பெரியது வெட்கப்பட்டுச் சிரிக்கும். பெரியது கேட்க நினைத்தது வாயிலேயே நின்றுவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது எளிது. ஏரிக்கரையில் பத்து நிமிடம். அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"மாமா பொறந்தப்போ எல்லாரும் பையன்னு நெனச்சோம். வளர வளர 'நான் பொண்ணு'ன்னு அவங்களுக்குத் தெரிஞ்சது. இப்ப நம்மகிட்ட சொல்லிட்டாங்க, பொண்ணாவே இருக்காங்க. இந்த மாதிரி இருக்கறவங்களத் திருநங்கைன்னு சொல்லுவாங்க. நீ இனிமே சித்தின்னு கூப்பிடு. உனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தது இதே ஆள்தான்."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. மாறியது எது என்று சொல்லிவிட்டு மாறாதது எது என்று சொல்லாமல் நிறுத்துவதுதான் பெரியவர்கள் செய்யும் பொதுவான தவறு.

பையனிடமிருந்து வந்த முதல் வார்த்தை: "ஒம்போதா?"

ஒன்பது வயதுக்கு அந்த வசை தெரியாது என்று பெற்றோர் நம்பியிருந்தார்கள். அவனுக்கு ஆறு மாதமாகத் தெரியும். பிறந்தநாளுக்குப் பிறகு பஸ்ஸில் யாரோ வயது கேட்க, "ஒம்போது" என்று சொன்னதும் தமிழ்ப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து "நைன்" என்றுதான் சொல்லி வந்தான். அதோடு, சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது திருநங்கைகள் கை தட்டி வந்தால் அப்பா "அந்தப் பக்கம் பாரு" என்பது வழக்கம். ஆக, பாடம் ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது, வாயைத் திறக்காமலே. அம்மா புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை, இருந்ததைத் திருத்தினார்.

வசைக்குப் பதிலாகக் கண்டிப்பு வேண்டியதில்லை, விவரம் வேண்டும். "அது திட்டற வார்த்தை. சித்திய அப்படிச் சொன்னா அவங்களுக்கு வலிக்கும். வேற யாராவது சொன்னாலும் நாம சொல்லறதில்ல. சொல்லணும்னா திருநங்கை." கன்னடப் பிள்ளைகள் மங்களமுகி என்பார்கள், அதுவும் மரியாதையான சொல்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். தமிழ்நாட்டு அரசு 2008இல் திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்ததும், 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்ததும் பெரியவர்களுக்கு உதவும் செய்திகள். பையனுக்கு அவை ருசிக்கவில்லை. அவன் கேட்டது வேறு.

நான்கு நாள் கழித்து, வீட்டுப்பாடம் எழுதும்போது: "ஆயா எப்பவும் நான் மாமா ஜாடைன்னு சொல்லுது. அப்ப நானும் ஆயிடுவேனா?"

இந்தக் கேள்வி வெளியே வந்ததே அதிர்ஷ்டம். 'அப்படியே தாய்மாமன் ஜாடை' என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பையன் இதை நினைக்காமல் இருக்க வழியே இல்லை. அப்பாவுக்கு வந்த பதில்: "சேச்சே, உனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, பயப்படாதே." இதில் இரண்டு கெடுதல். முதலாவது, சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்றாகிறது, அம்மை போட்ட மாதிரி. இரண்டாவது, ஒருவேளை இந்தப் பிள்ளையே நாளைக்கு அப்படி உணர்ந்தால், சொல்ல இருந்த கதவு இன்றே சாத்தப்படுகிறது. மாற்றிச் சொன்னது: "ஜாடை மூக்குக்கும் கண்ணுக்கும்தான். பையனா பொண்ணாங்கறது அவங்கவங்களுக்கே தெரியும். உனக்கு என்ன தெரியுது?" "பையன்." "அப்ப பையன்தான். எப்ப என்ன தோணினாலும் எங்ககிட்ட சொல்லலாம்."

இன்னொரு கேள்வி பெங்களூருக்கே உரியது. தர்மராயசுவாமி கோயில் கரகத் திருவிழாவில் மல்லிகைப் பூவும் வளையலும் புடவையுமாகக் கரகம் தூக்கி வருபவரும் திருநங்கையா? இல்லை. அவர் விரதம் இருந்து திரௌபதிக்காகப் பெண் வேடம் பூண்டு வருகிறவர். வீட்டில் அவர் அப்பா, புருஷன். உடை வேறு, ஆள் யார் என்பது வேறு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அர்த்தநாரீசுவரரை இழுக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லவேண்டி வந்தது. சாமி ஆக்கிவிட்டால் சித்தியோடு பல்லாங்குழி ஆட முடியாது.

திருநங்கைகளான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இலும் கர்நாடக நாட்டுப்புறக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி 2021இலும் பத்மஸ்ரீ பெற்றதைப் பையனுக்குக் காட்டினார்கள். மஞ்சம்மா விருது வாங்கும் முன் குடியரசுத் தலைவருக்கு முந்தானையால் திருஷ்டி கழிக்கும் காட்சியை அவன் நான்கு முறை பார்த்தான். பிறகு கேட்டான்: "சித்தி என்ன ஜெயிச்சாங்க?" சித்தி ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். சாதனையாளர்களை முன்னால் வைத்தால் இந்த ஏமாற்றம் கூடவே வரும். முதலில் பில் போடும் சித்தி, விருதெல்லாம் பிறகு.

பெண்: பத்தாம் நாள்

ஐந்து வயதுக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் பேசினால் அது பெரியவர் தன் மனதைத் தேற்றிக்கொள்ளப் பேசுவதாகிவிடும். குளித்து முடித்துத் தலை துவட்டும்போது சொன்னது: "போட்டோல இருக்கற மாமா, பையன் இல்ல, பொண்ணு. அவங்களே சொன்னாங்க. இனிமே சித்தி. காதுகுத்துக்கு வர்றாங்க." பெண் கேட்டது: "சித்தி எனக்கு என்ன வாங்கிட்டு வருவாங்க?" அம்மா பத்து நாளாகத் தூங்காமல் தயார் செய்ததெல்லாம் அங்கே முடிந்தது.

முடியவில்லை. மறுநாள் ஆயா, தன் பங்குக்கு, "உங்க மாமா உடம்புக்குள்ள ஒரு பொண்ணு இருந்திருக்கு, யாருக்கும் தெரியல" என்றார். ஊரில் சாமி வந்து ஆடுவதையும் பேய் ஓட்டுவதையும் கதையாகக் கேட்டு வளர்ந்த குழந்தை. அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை. "என் உள்ளயும் யாராவது இருக்காங்களா?" 'உள்ளே பெண், வெளியே ஆண்', 'தப்பான உடம்பில் பிறந்தவர்' போன்ற பேச்சைப் பெரியவர்கள் உவமையாகக் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்கு உவமை கிடையாது. உள்ளே என்றால் உள்ளேதான். ஆயாவே உட்கார்ந்து திருத்தினார்: "உள்ள யாரும் இல்ல கண்ணு. ஒரே ஆளுதான். நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம்." அந்தக் கடைசி வாக்கியத்தை மகளிடம்கூட ஆயா அதுவரை சொன்னதில்லை.

அடுத்த தடங்கல் மொட்டை. விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெண் மொட்டை வேண்டாம் என்று அழுதாள். கத்திக்குப் பயம் என்று நினைத்தார்கள். விசாரித்தால்: "முடி போனா நான் பையனாயிடுவேன்."

இது குழப்பம் இல்லை, வயது. உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966இல் வகுத்த படிநிலைப்படி, மூன்று வயதுக்குள் பிள்ளை தன்னை ஆண், பெண் என்று சொல்லப் பழகுகிறது. அது நாளைக்கும் நீடிக்கும் என்பது நாலு வயது வாக்கில் பிடிபடுகிறது. முடி, உடை மாறினாலும் அது மாறாது என்பது ஆறு ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது. ஐந்து வயதுப் பெண்ணிடம் 'மாமா முடி வளர்த்து, புடவை கட்டி, சித்தி ஆயிட்டாங்க' என்று சொன்னால், முடியும் புடவையும்தான் வேலையைச் செய்தன என்று அவள் எடுத்துக்கொள்வாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் முந்தைய நாள் வீடியோ காலில் சித்தியின் நீளப் பின்னலைப் பார்த்து அப்பா "முடியெல்லாம் வளத்து ஆளே மாறிட்டீங்க" என்றிருந்தார்.

சரிசெய்ய வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய முதல் மொட்டைப் படம், ஒரு வயதில் எடுத்தது, வீட்டில் இருந்தது. "இது யாரு?" "நான்." "பையனா?" "நான்தான்!" "மொட்டையிலயும் நீ நீதான். சித்தியும் அப்படித்தான். முடி சின்னதா இருந்தப்பவும் பொண்ணுதான், எங்களுக்குத்தான் தெரியல." மறுநாள் பொம்மைக்கு மொட்டையடித்து வைத்திருந்தாள்.

உடம்பைப் பற்றி

வீடியோ கால் முடிந்ததும் பெண் கேட்டாள்: "சித்தி எப்படி ஒண்ணுக்குப் போவாங்க?" எல்லாரும் பதறினார்கள். சின்னப் பிள்ளை இதைக் கேட்பது சாதாரணம்; டீச்சர் எப்படிப் போவார், பொம்மை எப்படிப் போகும் என்றும் கேட்கும். பதில் ஒரே வரி: "எல்லார் மாதிரியும் பாத்ரூம்லதான். ஜட்டிக்குள்ள இருக்கறது அவங்கவங்க சொந்த விஷயம், நாம கேக்கறதில்ல, உன்னையும் யாரும் கேக்கக் கூடாது." பாதுகாப்பான தொடுதல் பற்றிப் பள்ளியில் சொல்லித் தந்த பாடத்தோடு இது பொருந்திப் போகிறது. சிகிச்சை, ஹார்மோன் எதுவும் ஐந்து வயதுக்கு வேண்டாம். பையன் கேட்டால் 'பெரியவங்க டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணற விஷயம்' என்பதோடு நிறுத்தலாம்.

இதை அதிகம் கேட்பவர்கள் பிள்ளைகள் இல்லை. பெரியவர்கள் தங்கள் ஆவலைப் பிள்ளை வாயில் வைத்து அனுப்புவார்கள். ஒரு பெரியம்மா, "போய்க் கேளு, எல்லாம் மாத்திட்டாங்களான்னு" என்று பையனை ஏவினார். பையன் கேட்கவில்லை, அம்மாவிடம் வந்து சொன்னான். அதே பெரியம்மா, நல்ல மனோதத்துவ டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்றும் பிள்ளைகள் காதுபடச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பில், இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்துக்குத் தடை சொல்லியிருக்கிறது. பெரியம்மாவுக்கு அம்மா இதைச் சொன்னார், அடுப்படியில், தனியாக. பிள்ளைகளிடம் சொன்னது: "சித்திக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல."

தெருவும் பள்ளியும்

'யாரிடமும் சொல்லாதே' என்பது மட்டும் கூடாது. ரகசியம் காக்கச் சொன்ன விஷயம் கெட்ட விஷயம் என்று பிள்ளை படிக்கும். பெரியவர் 'சொல்லாதே' என்றால் கீழ்ப்படியலாம் என்றும் படிக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. மறுபக்கம், யாருக்குத் தெரியலாம் என்பது சித்தியின் பாதுகாப்பும்கூட. ஆகவே அவரையே கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னது: "வெளிய நீயா போய்ச் சொல்ல வேண்டியதில்ல. யாராவது கேட்டா 'எங்க சித்தி'ன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா 'அம்மாகிட்ட கேளுங்க'." பையன் அந்த மூன்றாவது வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெண் அன்று சாயங்காலமே கீழ்வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். ஐந்து வயதுக்குச் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி. சொல்வதற்கு முன்பே அதற்குச் சம்மதமா என்று சித்தியிடம் கேட்டு வைத்ததால் பெரிய சங்கடம் வரவில்லை.

விழா நாள்

முதல் அரைமணி பெண் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றாள். யாரும் "போ, சித்திகிட்ட போ" என்று தள்ளவில்லை. தள்ளக் கூடாது என்று முன்பே பேசியிருந்தார்கள். வளையல் பெட்டி வந்ததும் அவளே போனாள். பையன் ஒருமுறை "மாமா" என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்தான். சித்தி "ம்?" என்று திரும்பினார், அவ்வளவுதான். தவறினால் ஒருமுறை திருத்திச் சொல்லி நகர்ந்துவிட வேண்டும். மன்னிப்பு நீண்டால் பிள்ளை அடுத்த முறை கூப்பிடவே தயங்கும்.

மடி விஷயத்தில் வீடு தோற்றது. சித்தி மடியில் உட்காரவைத்தால் தாய்மாமன் மடி ஆகாது என்றார்கள் பங்காளிகள். தாய்மாமன் என்று உட்காரச் சொல்ல சித்திக்கும் மனமில்லை. கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் உட்கார்ந்தார். சீர்த்தட்டும் தங்கத் தோடும் சித்தி கொண்டுவந்தது. அதை வாங்குவதற்கு யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யாரும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு நாள் தயாரிப்பில் விடுபட்ட ஓட்டை இதுதான்.

மூன்று மாதம் கழித்து

பெண் ஒரு வாரம் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு "நான் அண்ணன்" என்று திரிந்தாள், பிறகு மறந்தாள். கண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. விளையாட்டு இப்படித்தான் வந்து போகும். ஒரு பிள்ளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மாறாமல் சொல்லி, தன் உடம்பையோ பேரையோ கண்டு வேதனைப்பட்டால் குழந்தை மனநல நிபுணரிடம் பேசலாம். பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறை இருக்கிறது.

பையனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். சித்தியை அம்மாவுக்குப் பக்கத்தில் வரைந்துவிட்டு ஆயாவிடம் கேட்டான்: "சித்தி ஒரு பாப்பாவ எடுத்து வளத்தா, அது எனக்கு முறைப்பொண்ணா, தங்கச்சியா?" அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிரவில்லை. "தங்கச்சி."

அப்பா இன்னும் 'வந்தாரு' என்கிறார். காதுகுத்து ஆல்பம் வந்த அன்று பெண் படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்: "நான் ஏன் சித்தி மடியில உக்காரல?" பக்கத்துப் படத்துக்குப் புரட்டினார்கள். அடுத்த ஞாயிறும் கேட்டாள்.